பிரிஸ்பேன் பிராங்கோஸ் மகளிர் அணி: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் பெரிய ஒலிம்பிக் மைதானத்தில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் ரக்பி லீக் கிளப் ஒரே நாளில் இரண்டு கோப்பைகளைத் தூக்கியது. மாலையில் மகளிர் அணி, அந்த சீசனில் அதுவரை தோற்காமல் வந்திருந்த சிட்னி ரூஸ்டர்ஸை 22-18 என்று வீழ்த்தியது. இரவு ஆண்கள் அணி மெல்போர்ன் ஸ்டார்மை 26-22 என்று வென்றது. அதற்குப் பிறகு, பிரிஸ்பேனைத் தலைநகராகக் கொண்ட குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும், ஆபீஸில் எல்லோரும் பேசுகிறார்களே, இது என்ன ஆட்டம் என்று ஒரு ஆர்வம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களும் உண்டு. மகளிர் ரக்பி லீக்கை முதல்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. பிராங்கோஸ் மகளிர் அணியை வைத்தே சொல்கிறேன். ஒரு அணியைப் பிடித்துக்கொண்டால்தான் லீக் முழுவதும் புரியும், பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

முதல் படி: எந்த ரக்பி என்று தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு ரக்பி புதிதல்ல. ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிக்கூடங்கள் ஆடுவது ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். பிராங்கோஸ் ஆடுவது ரக்பி லீக், அணிக்கு 13 பேர். பந்து ஒரே மாதிரி முட்டை வடிவம், முன்பக்கம் பாஸ் செய்யக் கூடாது என்ற விதியும் ஒன்று. மற்றபடி இரண்டும் தனித்தனி ஆட்டங்கள். யூனியன் தெரிந்தவர்கள்தான் முதலில் அதிகம் குழம்புவார்கள். பிடிபட்டுக் கீழே விழுந்தவரிடமிருந்து பந்தைப் பிடுங்க ஏன் யாரும் குவிவதில்லை என்று காத்திருப்பார்கள். லீக்கில் அது கிடையாது.

இரண்டும் பிரிந்தது 1895 ஆகஸ்டில், வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் நடந்த கூட்டத்தில். சண்டை விதிகளைப் பற்றியதல்ல, கூலியைப் பற்றியது. அங்கே ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாம் என்றன வடக்குக் கிளப்புகள், கூடவே கூடாது என்றது லண்டன் தலைமை. வடக்கத்தியவர்கள் வெளியேறித் தனி அமைப்பு கண்டார்கள். ஆட்களைக் குறைத்ததும் விதிகளை மாற்றியதும் அதற்கப்புறம் படிப்படியாக நடந்தவை. 1908-ல் சிட்னியில் லீக் போட்டி தொடங்கியது. பிராங்கோஸ் அதில் சேர்ந்தது 1988-ல்.

வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுபவருக்கு யார் சம்பளம் தருவது என்ற அந்தக் கேள்வி, மகளிர் அணிகளுக்கு நம் காலத்தில்தான் தீரத் தொடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது படி: ஆறு டேக்கிள் கணக்கைப் பிடியுங்கள்

விதிப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். முதல் ஆட்டத்துக்கு இது போதும்.

மைதானம் 100 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை, 4 புள்ளி. டிரை போட்டதும் கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க ஒரு வாய்ப்பு, உள்ளே போனால் 2 புள்ளி. எதிரணி தவறு செய்து கிடைக்கும் பெனால்டியில் கோல் அடித்தால் அதற்கும் 2. ஓடும் ஆட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைத்து அடிக்கும் ஃபீல்ட் கோலுக்கு 1. கடைசி நிமிடத்தில் ஸ்கோர் சமமாக இருக்கும்போதுதான் அந்த ஒற்றைப் புள்ளிக்காக மல்லுக்கட்டுவார்கள்.

இனி ஆட்டத்தின் மூச்சுக்கு வருவோம். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு வாய்ப்பு. ஓடி வருபவரைப் பிடித்து நிறுத்தினால் ஒரு டேக்கிள். பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைக் காலடியில் வைத்து, உள்ளங்காலால் பின்னுக்கு உருட்டுவார். பின்னால் நிற்பவர் அதை எடுத்து அடுத்த பாஸைத் தொடங்குவார். தடுக்கும் அணியில் பந்துக்கு நேர் எதிரே இரண்டு பேர்வரை நிற்கலாம். மற்ற எல்லோரும் 10 மீட்டர் பின்னால் போயாக வேண்டும். போய்விட்டு மறுபடி முன்னேறித் தடுக்க வேண்டும். இதுவே ஓயாமல் நடக்கும். கபடி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். எதிராளியின் எல்லைக்குள் நுழைவதும், கூட்டாகச் சேர்ந்து மடக்குவதும், கோட்டுக்காக உடம்பை நீட்டுவதும் நமக்குத் தெரிந்த காரியங்கள்தானே.

ஐந்து டேக்கிள் முடிந்ததும் நடுவர் கையை உயர்த்திக் காட்டுவார். இன்னும் ஒருமுறை பிடிபட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அதனால் பெரும்பாலும் இந்த நேரத்தில் பந்தை உதைப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு என் ஒரே அறிவுரை இதுதான்: மற்ற நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள், ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் உதைக்கப் போகிறவரைப் பாருங்கள். சொந்தப் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தால் நீளமாக உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளுவார். எதிரணியின் கோட்டருகே இருந்தால் மூன்று வழி உண்டு. வானத்துக்கு உதைத்து, கீழே வரும்போது தன் ஆள் தாவிப் பிடிக்கட்டும் என்று விடலாம். தரையோடு தரையாக உருட்டிவிட்டு, தடுப்பாளர்களின் கால்களுக்கு நடுவே தன் ஆள் பாயட்டும் என்று பார்க்கலாம். ஓரத்தில் ஆளில்லாமல் நிற்கும் விங்கருக்குக் குறுக்கே உயர்த்திக் கொடுக்கலாம்.

உருட்டிவிட்ட பந்தை எதிரணி தன் கோட்டுக்குப் பின்னால் எடுத்து, வெளியே வர முடியாமல் மடக்கப்பட்டால், அவர்கள் கோட்டில் நின்று பந்தை உதைத்துத் திருப்பித் தர வேண்டும். தாக்கிய அணிக்கு மறுபடி ஆறு டேக்கிள் கிடைக்கும். டிரை வரவில்லையே என்று நீங்கள் உச்சுக் கொட்டும் நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைதட்டிக்கொண்டிருப்பார். காரணம் இதுதான். இப்படி இரண்டு, மூன்று முறை தொடர்ந்து தடுக்க வேண்டி வந்தால் எந்த அணிக்கும் கால் தளர்ந்துவிடும். டிரை பெரும்பாலும் அந்தக் களைப்பில்தான் விழும்.

பந்தைக் கை நழுவி முன்னால் விட்டால் தவறு, பந்து எதிரணிக்கு. தலையிலோ கழுத்திலோ கை போட்டால் பெனால்டி. மோசமாக இருந்தால் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், இன்னும் மோசமென்றால் ஆட்டத்தை விட்டே போக வேண்டும். தலையில் அடிபட்டவராகத் தெரிந்தால் மருத்துவர் அழைத்துப்போய்ச் சோதிப்பார். அவர் சிரித்துக்கொண்டே ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று கையாட்டினாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

சட்டை எண்ணைப் பார்த்தே ஒருவரின் வேலையைச் சொல்லிவிடலாம். 1 கடைசிக் காவல், அதாவது ஃபுல்பேக். 2, 5 விங்கர்கள். 3, 4 சென்டர்கள். 6, 7 ஆட்டத்தை நடத்துபவர்கள், உதைப்பது பெரும்பாலும் இவர்கள்தான். 8, 10 ப்ராப், நடுவில் முட்டி மோதி இடம் பிடிப்பவர்கள். 9 ஹூக்கர், டேக்கிளுக்குப் பின் தரையிலிருந்து பந்தை எடுப்பவர். 11, 12 இரண்டாம் வரிசை. 13 லாக். தொடக்கத்தில் 1, 7, 9 மூவரையும் கவனித்தால் போதும், பந்து அதிகம் அவர்கள் கையில்தான் இருக்கும்.

மூன்றாவது படி: மகளிர் லீக்கின் தனிக் கணக்குகள்

என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்) மகளிர் லீக் 2018-ல் நான்கு அணிகளோடு தொடங்கியது: பிராங்கோஸ், ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். அப்போது பாதிக்கு 30 நிமிடம்தான். 2021 சீசனில் அதைப் பாதிக்கு 35 நிமிடமாக்கி, அணிகளையும் ஆறாக உயர்த்தினார்கள். கோவிட் காரணமாக அந்த சீசனே 2022 தொடக்கத்தில்தான் நடந்தது. அதனால் 2022 என்ற ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள் இருப்பதைப் பழைய பட்டியலில் பார்த்தால் குழம்ப வேண்டாம். 2023-ல் பத்து அணி. 2025-ல் கேன்டர்பரி புல்டாக்ஸ் புதிதாக வர, இடையில் விலகியிருந்த வாரியர்ஸும் திரும்ப, பன்னிரண்டு.

உதையில் ஒரு சிறு வித்தியாசமும் இருந்தது. ஆண்கள் ஆட்டத்தில், தன் 40 மீட்டர் கோட்டுக்குள்ளிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 20 மீட்டருக்குள் ஓரக்கோட்டைத் தாண்டினால், உதைத்த அணிக்கே பந்து கிடைக்கும். மகளிர் லீக் தொடங்கியபோது இந்த 40/20-ஐத் தளர்த்தி 40/30 ஆக்கினார்கள்.

ஆண்கள் ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள், அந்த அளவுகோலையே கையில் வைத்துக்கொண்டு, வேகம் எவ்வளவு, உதை எத்தனை மீட்டர் என்று அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மைதான வாசலிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. இந்த ஆட்டத்தில் பந்தை வெளியே பாஸ் செய்யும் துணிச்சல் அதிகம், ஆட்டம் திறந்து கிடக்கும். எனக்கென்னவோ புதிதாக வருபவர்கள் கற்றுக்கொள்ள இதுவே தோதான ஆட்டம் என்று படுகிறது.

நான்காவது படி: இந்த அணியின் கதை

பிராங்கோஸ் முதல் மூன்று சீசனும் கோப்பை வென்றது. 2018-ல் ரூஸ்டர்ஸை 34-12, 2019-ல் டிராகன்ஸை 30-6, 2020-ல் மறுபடி ரூஸ்டர்ஸை 20-10. அப்புறம் ஐந்து வருடம் வறட்சி. இந்த வறட்சி ஏன் வந்தது என்று புரிந்தால் லீக்கே புரிந்த மாதிரி.

தொடக்க ஆண்டுகளில் ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான். சீசன் முடிந்தால் எல்லோரும் சந்தையில். 2022-ல் நியூகாசில் நைட்ஸ் அணி பிராங்கோஸின் இரண்டு தூண்களை, ஃபுல்பேக் தமிகா அப்டனையும் ப்ராப் மில்லி பாயிலையும், கூட்டிக்கொண்டு போனது. நைட்ஸ் அதற்கு முந்தைய சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. ஆனால் அந்த வருடமே இறுதியில் பாரமட்டா ஈல்ஸை 32-12 என்று வென்றார்கள், 2023-லும் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸை 24-18 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தார்கள். பிராங்கோஸ் 2022-ல் இறுதிச் சுற்றுகளுக்கே போகவில்லை. அட்டவணையின் கடைசியில் கிடந்த அணி அடுத்த சீசனில் சாம்பியன். பழைய ரசிகர்கள் இன்றும் நைட்ஸ் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பதில் ஆச்சரியமில்லை.

அப்டன் குயின்ஸ்லாந்தின் பிளாக்வாட்டர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரி. லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கத்தை 2023-ல் நைட்ஸ் சட்டையில் வாங்கினார். 2025-ல் பிராங்கோஸுக்கே திரும்பினார். அந்த வருடம் பதக்கமும் அவருக்கு, கோப்பையும் அணிக்கு. அவரைக் கவனிக்க ஒரு வழி சொல்கிறேன். பந்து இல்லாதபோது பாருங்கள். தாக்குதல் இடப்பக்கம் நடந்துகொண்டிருக்கும், அவர் நடுவில் மெதுவாக நடந்து வருவார், எதிரணியில் யார் குனிந்து மூச்சு வாங்குகிறார் என்று பார்ப்பதுபோல. சட்டென்று அந்த ஆளை நோக்கியே வேகம் பிடிப்பார். பந்து அவர் கைக்கு வரும்போது இடைவெளி ஏற்கெனவே திறந்திருக்கும்.

அலி பிரிகின்ஷா இல்லாமல் இந்த அணியின் வரலாறு இல்லை. இப்ஸ்விச் ஊர்க்காரர். 2018 முதல் நாளிலிருந்து அணியில் இருந்தவர், 2019-லிருந்து தலைவர், 2020-ல் டாலி எம் பதக்கம் பெற்றவர். தலைவராக வென்ற கோப்பைகள் மூன்று: 2019, 2020, 2025. அந்தக் கடைசிக் கோப்பையோடு கிளப் ஆட்டத்துக்கு விடை கொடுத்தார். பழைய ஆட்டத் துண்டுகள் கிடைத்தால் அவர் உதைகளை மட்டும் பாருங்கள். இரண்டாவது படியில் சொன்ன மூன்று வழிகளுக்கும் அவரைவிட நல்ல பாடம் கிடையாது.

முன்வரிசையில் செல்சி லெனார்டுசி தொடக்கத்திலிருந்தே இருப்பவர். ஓரத்தில் ஜூலியா ராபின்சன். விங்கர் என்றால் டிரை போட மட்டும்தான் என்று நினைப்பவர்கள், தன் கோட்டருகே முதல் டேக்கிளில் பந்தை வாங்கி மூன்று பேரை இழுத்துக்கொண்டு அவர் முன்னேறுவதைப் பார்க்க வேண்டும். சென்டரில் நியூசிலாந்துக்கு ஆடும் மெலே ஹுஃபாங்கா, அவரை ஒருவர் தனியாக நிறுத்துவது கஷ்டம். பயிற்சியாளர் ஸ்காட் பிரின்ஸ் 2023-ல் வந்தார். இவர் 2005-ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆண்கள் அணியின் தலைவராகக் கோப்பை வென்று, அந்த இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் பதக்கமும் வாங்கியவர்.

ஆட்கள் வருடா வருடம் மாறுவார்கள். அதனால் சீசன் தொடங்கும்போது கிளப்பின் இணையதளத்தில் அணிப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: சம்பளக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்

இது ஸ்கோருக்கு சம்பந்தமில்லாத விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இதைத் தெரியாமல் பார்த்தால் அணி ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்காது.

மகளிருக்கும் சேர்த்துக் கூட்டு ஊதிய ஒப்பந்தம் முதன்முதலாக வந்தது 2023-ல். அந்த ஆண்டு ஒரு ஆட்டக்காரிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ஆஸ்திரேலிய டாலர். ஒரு கிளப் மொத்த அணிக்கும் செலவிடக்கூடிய உச்சவரம்பு 8,84,000 டாலர். 2027-க்குள் இவை முறையே 50,600 ஆகவும் சுமார் 15 லட்சமாகவும் உயரும் என்று ஒப்பந்தம். ஆண்கள் கிளப் ஒன்றின் உச்சவரம்பு ஒரு கோடி டாலருக்கும் மேல். தனியார் மருத்துவக் காப்பீடும் மகப்பேறு விடுப்பும் இதில்தான் சேர்ந்தன. பல வருட ஒப்பந்தம் போடவும் வழி பிறந்தது. நைட்ஸ் கதை மாதிரி ஒரே வருடத்தில் அணி கலைவது இனி முன்போல் சுலபமல்ல.

30,000 டாலரில் பிரிஸ்பேனில் வாடகை கொடுத்து வாழ முடியாது. ஆகவே, தொழில்முறை அணி என்று பெயர் இருந்தாலும் பலருக்கு இன்னொரு வேலை உண்டு. காலையில் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை, மாலையில் பயிற்சி. சீசன் சில மாதங்கள்தான் என்பதால் மீதி மாதங்களுக்கும் வழி பார்க்க வேண்டும். 1895-ல் வடக்கத்தியக் கிளப்புகள் கேட்ட கூலி, ஆண்களுக்கு நூறு வருடத்தில் முழுநேரச் சம்பளமாகிவிட்டது. அதே ஆட்டத்தின் பெண்கள் இப்போதுதான் அந்தப் பாதையில் ஏறியிருக்கிறார்கள். விளம்பரத்தில் இதை வீரக்கதையாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் போதாதென்றால் போதாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறாவது படி: நாள்காட்டி, நேரம், திரை

மகளிர் லீக் ஜூலையில் தொடங்கும். 2025-ல் ஒவ்வொரு அணிக்கும் 11 ஆட்டம், அதன்பின் இறுதிச் சுற்றுகள். இறுதியாட்டம் ஆண்கள் இறுதி நடக்கும் அதே நாள், அதே மைதானம், அதற்கு முன்னால். ஆண்கள் ஆட்டத்துக்கு வாங்கிய டிக்கெட்டிலேயே இதையும் பார்த்துவிடலாம். கூட்டம் 40,000-ஐத் தாண்டும்.

ஆஸ்திரேலியாவில் சேனல் நைன், ஃபாக்ஸ் லீக், கயோ ஆகியவற்றில் பார்க்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ச் என்ஆர்எல் என்ற செயலி இருக்கிறது, சந்தா கட்ட வேண்டும்.

நேரக் கணக்கில் ஒரு சிக்கல். பிரிஸ்பேன் நேரம் இந்தியா, இலங்கையைவிட நாலரை மணி நேரம் முன்னால். குயின்ஸ்லாந்தில் கோடைகால நேர மாற்றம் கிடையாது. சிட்னியில் உண்டு, அது தொடங்குவது அக்டோபர் முதல் ஞாயிறு. 2025 இறுதியாட்டம் சரியாக அந்த நாளில்தான் வந்தது. சீசன் முழுக்க நாலரை மணி என்று கழித்துப் பழகியவர்கள் அன்று மட்டும் ஐந்தரை கழிக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் டிவியைப் போடும்போது முதல் பாதி முடிந்திருக்கும்.

இன்னொரு குழப்பம் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் தொடர் அது. மகளிருக்கு இந்தப் பெயரில் 2018-ல் ஒரு ஆட்டமாகத் தொடங்கி, 2023-ல் இரண்டு, 2024 முதல் மூன்று. கிளப் சீசனுக்கு முன், மே மாதத்தையொட்டி நடக்கும். 2024-ல் குயின்ஸ்லாந்து 2-1, 2025-ல் நியூ சவுத் வேல்ஸ் 2-1. இதில் கிளப் கணக்கு கிடையாது, எந்த மாநிலத்துக்காரர் என்பதே கணக்கு. நேற்றுவரை ஒரே அணியில் ஆடியவர்கள் எதிரெதிரே நின்று மோதுவார்கள். பிரிஸ்பேனில் அந்த வாரம் ஆபீஸுக்கு நீல நிறத்தில் எதையும் உடுத்திப் போகாதீர்கள், கிண்டலில் இருந்து தப்ப முடியாது. நீலம் நியூ சவுத் வேல்ஸின் நிறம், இங்கே மரூன்தான்.

அதற்கும் மேலே நாட்டு அணி. ஆஸ்திரேலிய மகளிர் அணிக்கு ஜில்லரூஸ் என்று பெயர். 2013, 2017, 2022 மூன்று உலகக் கோப்பையும் அவர்களிடமே. 2022-ல் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் நியூசிலாந்தை 54-4 என்று வென்றார்கள்.

ஏழாவது படி: மைதானத்துக்குப் போவது

பிரிஸ்பேனில் இருப்பவர்கள் டிவியோடு நின்றுவிட வேண்டாம். பெரிய மைதானம் மில்டனில் உள்ள லாங் பார்க், இப்போதைய பெயர் சன்கார்ப் ஸ்டேடியம், 52,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் மகளிர் ஆட்டம் வைக்கும் நாட்களில், ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது ஆட்டத்துக்குத்தான் வந்து சேர்வார்கள், நீங்கள் முன்னாலேயே போய்விடுங்கள். காரை எடுக்க வேண்டாம், சுற்றுவட்டாரத்தில் நிறுத்த இடம் கிடைக்காது. மில்டன் ரயில் நிலையம் பக்கத்திலேயே, ரோமா ஸ்ட்ரீட்டிலிருந்தும் நடந்து போகலாம். குயின்ஸ்லாந்தில் இப்போது பேருந்து, ரயில் பயணம் ஒன்றுக்கு 50 சென்ட்தான்.

மகளிர் ஆட்டத்தைத் தனியாக ரசிக்க வேண்டுமென்றால் நான் கூர்பரூ பக்கம் லாங்லண்ட்ஸ் பார்க் மைதானத்தைச் சொல்வேன். பிராங்கோஸ் மகளிர் அணி சில சொந்த ஆட்டங்களை அங்கே ஆடியிருக்கிறது. பேருந்துத் தடத்தில் அதே பெயரில் நிறுத்தம் உண்டு. சின்ன மைதானம். பெரிய ஸ்டேடியத்தில் கேட்காத சத்தமெல்லாம் இங்கே கேட்கும்: தோளும் தோளும் மோதும் ‘தப்’ சத்தம், ஃபுல்பேக் பின்னாலிருந்து இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று கத்துவது, நடுவர் பின்னுக்குப் போகச் சொல்லி அதட்டுவது. இரண்டாவது படியில் சொன்னதெல்லாம் அங்கே பத்து நிமிடத்தில் தானாகவே புரியும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே குளிர்காலம், வெயில் இறங்கியதும் சில்லென்று இருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஆட்டக்காரிகள் வேலியோரம் சுற்றி வந்து கையெழுத்துப் போடுவதும் படம் எடுத்துக்கொள்வதும் வழக்கம். ஒரு மார்க்கர் பேனா கையில் இருக்கட்டும். தோற்ற நாளிலும் வருவார்கள், ஆனால் அன்று நீளமாகப் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

எட்டாவது படி: வீட்டில் யாராவது ஆட ஆசைப்பட்டால்

இது எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆனால் மகள் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு ‘நானும் ஆடட்டுமா’ என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. சின்ன வயதில் பெண்களும் ஆண்களும் கலந்தே ஆடலாம், அப்புறம் பெண்களுக்குத் தனி அணி. மோதல் பயமென்றால் டச் ஃபுட்பாலிலோ, இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடுங்கும் லீக் டேகிலோ தொடங்கலாம். பந்தைப் பிடிப்பதும் பின்னுக்கு பாஸ் செய்வதும் அங்கேயே வந்துவிடும். பிராங்கோஸுக்கு ஆடும் பலரும் டச் ஆடி வந்தவர்கள்தான்.

குயின்ஸ்லாந்தில் பெரிய லீக்குக்குக் கீழே பிஎம்டி பிரீமியர்ஷிப் என்ற மாநிலப் போட்டி நடக்கிறது. நார்த்ஸ் டெவில்ஸ், பர்லி பேர்ஸ் போன்ற கிளப்புகள் அதில் ஆடுகின்றன. பிராங்கோஸ் ஆட்டக்காரிகளும் தங்கள் சீசன் இல்லாத மாதங்களில் இந்த அணிகளுக்கு ஆடுவார்கள். மகளைச் சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். டிவியில் பார்த்த முகம் பத்து அடி தூரத்தில் காலில் டேப் சுற்றிக்கொண்டிருக்கும்.

சேர்க்கும்போது கிளப்பில் இந்த மூன்றையும் கேளுங்கள்: டேக்கிள் எந்த வயதிலிருந்து, தலையில் அடிபட்டால் எத்தனை நாள் கழித்துத் திரும்ப விடுவார்கள், பெண்கள் அணிக்குத் தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா. முதல் பயிற்சிக்கு வாய்க்கவசம் கட்டாயம் வேண்டும், கடையில் விற்கும் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் வகை போதும். பூட்ஸ் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பல கிளப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் விட்டுப்போன ஜோடிகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும், கேட்டால் தருவார்கள்.